நாற்பது சொட்டு இரத்தம்



உணவும் உடல்நலமும் பற்றிப் பேசுங்கள் என்று அறக்கட்டளைக் குழுவினர் அழைத்தார்கள். பாலியல் நலத்தையும் சேர்த்துப் பேசலாமா என்று கேட்டேன். தயங்காமல் சம்மதித்தார்கள். ஒரு கல்லூரி அரங்கில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அவையில் இதைப் பேச இடம் கொடுத்ததற்கு முதல் நன்றி.

நான் பொது மருத்துவம் பார்க்கிறவன். புறநோயாளிகள் பிரிவில், கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டில்தான் தொடங்கும். முட்டை சாப்பிட்டால் சூடு ஏறி ராத்திரியில் போய்விடுமா? கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை நாள் பாதாம் பால் குடிக்க வேண்டும்? பப்பாளி சாப்பிட்டால் கரு தங்காதாமே? இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அச்சம் இருக்கிறது. ஆண்மை என்பது உடம்புக்குள் அளவாகச் சேர்த்துவைக்கப்பட்ட ஒரு பொருள், செலவழித்தால் தீர்ந்துவிடும், சரியானதைத் தின்றால் நிரம்பும் என்கிற அச்சம். அந்த அச்சத்துக்கு உடலில் எந்த ஆதாரமும் இல்லை என்பதையும், உணவுக்கும் பாலியல் நலத்துக்கும் இருக்கும் உண்மையான உறவு வேறொரு இடத்தில், அதாவது இரத்தக் குழாயில் இருக்கிறது என்பதையும் சொல்லவே வந்திருக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். "உடம்பே முடியலைங்க சார், நடந்தா மூச்சு வாங்குது, படிச்சது நிக்க மாட்டேங்குது" என்று வந்தார். சோதித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. எடை மட்டும் குறைந்திருந்தது. நிறைய நேரம் பேசிய பிறகு, பையிலிருந்து ஒரு லேகிய டப்பாவையும் நான்காக மடித்த ஒரு தாளையும் எடுத்து வைத்தார். மாதம் ஒருமுறை ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் ஒரு வைத்தியர், விந்து போய் உடம்பு உருகுகிறது என்று சொல்லிக் கொடுத்தது. தாளில் பத்தியம் எழுதியிருந்தது: மீன், முட்டை, கோழி, வெங்காயம், பூண்டு, கத்தரிக்காய், புளி கூடாது. தம்பி அத்தனையையும் விட்டுவிட்டார். ஏதோ விரதம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். பசியில் இளைத்தார். இளைத்ததைக் கண்ணாடியில் பார்த்து, வைத்தியர் சொன்னபடியே உடம்பு உருகுகிறது என்று நம்பினார். நம்பியதால் இன்னும் கடுமையாகப் பத்தியம் இருந்தார்.

"மூத்திரத்தோடயே போகுதுங்க, வெள்ளையா கலங்கலா" என்றார். அதுதான் அவருக்குப் பெரிய சாட்சி. ஒரு சோதனைக் குழாயில் பிடித்துவரச் சொன்னேன். உண்மையிலேயே கலங்கலாகத்தான் இருந்தது. அவர் கண் முன்னாலேயே அதில் சில சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டேன். கலங்கல் கரைந்து, குழாய்க்குப் பின்னால் இருந்த காலண்டரின் எழுத்து தெரிந்தது. அது பாஸ்பேட் உப்பு. சாப்பிட்ட பிறகு சிறுநீரின் அமிலத்தன்மை குறையும்போது இந்த உப்பு கரையாமல் மிதக்கும். அமிலம் பட்டால் கரைந்துவிடும். எவருக்கும் வரக்கூடியது, எந்த நோயும் அல்ல. விந்தாக இருந்தால் அமிலத்துக்கு இப்படித் தெளியாது. அந்தக் குழாயை அவர் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அதற்கு முன்பு பேசியது எதுவும் செய்யாததை அந்தச் சில சொட்டுகள் செய்தன.

அவருக்கு இருந்தது அவர் மட்டும் கண்டுபிடித்த பயம் அல்ல. மனநல மருத்துவர் நரேந்திரநாத் விக் 1960இல் இந்த நிலையை 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டு விவரித்தார். விந்து வெளியேறுவதால்தான் களைப்பு, பசியின்மை, மறதி, மனச்சோர்வு எல்லாம் வருகின்றன என்று இளைஞர்கள் உறுதியாக நம்பும் நிலை அது. இத்தகையவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது பதற்றமும் மனச்சோர்வும். நோய் இல்லை என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பினால் அவர்கள் நேராக லாட்ஜுக்குத்தான் போவார்கள். அங்கே இருப்பவர் குறைந்தபட்சம் அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். எங்கள் மருத்துவத் துறை இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு இரத்தத்துக்குச் சமம் என்பது நம்மில் பலர் பள்ளிக் காலத்திலேயே கேள்விப்பட்ட கணக்கு. அதன் வேர் பழையது. உணவு ரசமாகி, ரசம் இரத்தமாகி, தசை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை என்று படிப்படியாகக் காய்ச்சி வடிக்கப்பட்டுக் கடைசியில் சுக்கிலமாகிறது என்பது ஏழு தாதுக் கோட்பாடு. உடலைத் திறந்து பார்க்கவும் நுண்ணோக்கியில் பார்க்கவும் வழியில்லாத காலத்தில், உண்ட சோறு எப்படி உடம்பாகிறது என்று யோசித்தவர்களின் அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இன்றைக்கு நமக்குத் தெரிந்தது வேறு.

இந்த அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. சுவிட்சர்லாந்தில் லோசான் நகர மருத்துவர் தீசோ, சுய இன்பத்தின் கேடுகள் என்று 1760இல் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் இரத்தத்தை இழப்பதைவிடக் கேடு என்பது அவர் வாதம். அங்கும் அதே நாற்பது. அந்த நூல் ஐரோப்பா முழுக்கப் பரவி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவர்களையே ஆட்டிப்படைத்தது. அமெரிக்காவில் 1830களில் சில்வெஸ்டர் கிரஹாம் என்ற மதபோதகர், இறைச்சியும் மசாலாவும் இச்சையைத் தூண்டும், சலிக்காத கோதுமை மாவு ரொட்டி அதை அடக்கும் என்று ஊர் ஊராகப் பேசினார். பேட்டில் கிரீக் நகரில் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய சுகாதார இல்லத்திலும் காரமில்லாத உணவு ஒழுக்கத்தைக் காக்கும் என்பதே போதனை.

நம் பக்கம் காந்தியடிகளைச் சொல்ல வேண்டும். 1906இல் பிரம்மச்சரிய விரதம் ஏற்ற அவர், பால் உடலின் இச்சையைத் தூண்டும் என்று நம்பி 1912இல் பாலை விட்டார். 1918இல் கடுமையான வயிற்றுக்கடுப்பில் விழுந்து, உயிர் போகும் நிலைக்கு வந்த பிறகே, கஸ்தூர்பாவின் யோசனைப்படி ஆட்டுப்பால் குடிக்கத் தொடங்கினார். அவரது நேர்மையை நான் மதிக்கிறேன். இந்த விஷயத்தில் அவர் சோதித்தது தன் மன உறுதியை. பாலின் குணத்தைப் பற்றி அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

இனி உடற்கூற்றுக்கு வருவோம். ஒருமுறை வெளியேறும் விந்து சராசரியாக 3 மில்லி லிட்டர், கூடக்குறைய இருக்கலாம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளிலிருந்தும், மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வரும் நீர். விந்தணுக்கள் மொத்தக் கன அளவில் மிகச் சிறிய பங்குதான். இந்த நீர் முன்கூட்டியே வாழ்நாளுக்குச் சேர்த்துவைக்கப்படுவதில்லை. எச்சில் போல, கண்ணீர் போல, சுரந்துகொண்டே இருப்பது. விந்தணு ஒன்று முழுதாக உருவாக இரண்டரை மாதம் வரை ஆகும். ஆனால் நாளும் கோடிக்கணக்கில் புதிது உருவாகிக்கொண்டே இருக்கும். வெளியேறாவிட்டால் பழையவை உடலுக்குள்ளேயே சிதைந்து உட்கிரகிக்கப்படும், அல்லது தூக்கத்தில் வெளியேறும். சொப்பன ஸ்கலிதம் என்று நாளிதழின் மூலையில் அச்சிட்டு மிரட்டப்படுவது இதுதான்.

அந்த 3 மில்லி லிட்டரில் புரதம் சுமார் 150 மில்லி கிராம் இருக்கும். ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம். அப்படியானால் ஒரு முட்டையில் இருக்கும் புரதம் நாற்பது முறை வெளியேறும் விந்தின் புரதத்துக்குச் சமம். நாற்பது என்ற எண்ணை யாராவது மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் இந்த நாற்பதைச் செய்யட்டும். அந்தத் தம்பிக்கு விலக்கச் சொன்ன பொருள்களில் முட்டையும் ஒன்று.

கைப்பழக்கத்தால் நரம்பு தளராது, உறுப்பு சிறுத்துப்போகாது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. 1948இல் வெளிவந்த கின்சியின் ஆய்வில் அமெரிக்க ஆண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அந்தப் பழக்கம் இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பெண்களுக்கும் உண்டு. படிப்பையோ வேலையையோ தூக்கத்தையோ அது விழுங்கத் தொடங்கினால் மட்டும் மனநல ஆலோசகரிடம் பேச வேண்டும்.

'சூடு' என்று விலக்கும் வழக்கத்துக்கு ஒரு கொடிய முகமும் உண்டு. பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்றுப் பாட்டில் கைம்பெண்ணின் உணவு வருகிறது. நெய் தீண்டாத, நீரில் பிழிந்தெடுத்த சோறு, எள் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. அதைவிடத் தீயே மேல் என்று அவள் தேர்ந்தெடுக்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், பல வீடுகளில் கணவனை இழந்த பெண்களுக்கு வெங்காயமும் பூண்டும் மசாலாவும் மறுக்கப்பட்டன. ஒரு வேளைதான் சாப்பாடு. விலக்கிய பொருள்கள் உணர்ச்சியைக் கிளறும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. வெங்காயத்துக்கு அப்படி ஒரு சக்தி கிடையாது. ஆனால் பட்டினிக்கு இச்சையை அடக்கும் சக்தி உண்டு: எடையும் கொழுப்பும் அளவுக்கு மீறிக் குறைந்தால் மூளை இனப்பெருக்க ஹார்மோன்களைக் குறைத்துவிடும், மாதவிடாய் நிற்கும், இச்சை மங்கும். அந்தப் பெண்களின் உடல்கள் பட்டினி போடப்பட்டன என்பதுதான் உண்மை.

விலக்குவது போலவே, தூண்டுவதாகச் சொல்லி ஊட்டுவதும் உண்டு. முருங்கைக்காயை அப்படிக் காட்டிய பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' படம் 1983இல் வந்த பிறகு, அந்தக் காயைச் சந்தையில் வாங்கவே வெட்கப்பட்டவர்கள் உண்டு. முருங்கைக்காய் நல்ல காய். கீரை இன்னும் நல்லது: இரும்பு, கால்சியம், வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் மாலையில் சாம்பாரில் போட்டு இரவில் பலன் எதிர்பார்க்கும் பொருள் அது அல்ல. பாதாமும் பேரீச்சையும் அத்திப்பழமும் அப்படித்தான். சிட்டுக்குருவி லேகியம் என்று சொல்லி அந்தச் சின்னப் பறவையைக் கொன்றவர்களும் இருக்கிறார்கள்.

சில மூலிகைச் சூரணங்கள் ஒரு மணி நேரத்தில் வேலை செய்வதாகச் சொல்வார்கள். செய்யவும் செய்யும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மூலிகை என்ற பெயரில் விற்ற பல பொருள்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. வயாகரா மாத்திரையின் மருந்துதான் சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைத்துக்கொள்ளும் ஒருவர், இது கலந்திருப்பது தெரியாமல் சூரணத்தைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிரே போகலாம். இதை நான் அச்சமூட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இதய நோயாளி ஒருவர் இருந்தால், வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இன்றைக்கே இதைச் சொல்லுங்கள். கன உலோகங்கள் இன்னொரு ஆபத்து. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14 மருந்துகளில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. காரீயம் விந்தணுக்களையே கெடுக்கும். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. முகவரி இல்லாத டப்பாவைச் சொல்கிறேன்.

இப்போது உணவு உண்மையில் வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன்.

ஆணுறுப்பு விறைப்பது இரத்த ஓட்டத்தால். நரம்பு முனைகளிலிருந்தும் இரத்தக் குழாயின் உள்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு, குழாயின் தசையைத் தளர்த்துகிறது. இரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. இரத்தக் குழாய்களில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. பெண்ணுடலிலும் கிளர்ச்சியின்போது இதே இரத்த ஓட்டம்தான் வேலை செய்கிறது. ஆகவே எது இரத்தக் குழாயின் உள்சுவரைக் கெடுக்குமோ அது பாலியல் நலத்தையும் கெடுக்கும்: சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, புகை.

ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் உள்விட்டம் 1 முதல் 2 மில்லி மீட்டர். இதயத் தமனி 3 முதல் 4. அணையில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். உடம்பிலும் அப்படித்தான், அடைப்பின் அறிகுறி சின்னக் குழாயில் முதலில் தெரிகிறது. மாரடைப்புக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே விறைப்புக் குறைவு தலைகாட்டுவது பலரிடம் காணப்பட்டிருக்கிறது. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இந்தக் குறையோடு லாட்ஜுக்குப் போனால் லேகியம் கிடைக்கும். மருத்துவரிடம் போனால் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்ப்பார்கள். அவருடைய உயிரே அதில் தப்பலாம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சர்க்கரை உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைவு மற்றவர்களைவிடப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே வருகிறது. ஆனால் நம் ஊர்ச் சர்க்கரை மருத்துவ முகாம்களில் கண்ணைப் பார்க்கிறோம், காலைப் பார்க்கிறோம், சிறுநீரகத்தைப் பார்க்கிறோம். இதை மட்டும் நாங்களும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

திருத்த முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2004இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் மருத்துவர்கள், உடல் பருமனும் விறைப்புக் குறைவும் கொண்ட 110 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் உணவையும் நடைப்பயிற்சியையும் நெருக்கமாக வழிநடத்தினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அந்தப் பிரிவின் 55 பேரில் 17 பேர் மருந்தில்லாமலே இயல்பு நிலைக்கு வந்திருந்தார்கள். மற்றப் பிரிவில் 3 பேர். அவர்கள் சாப்பிட்டது அதிசயப் பொருள் எதுவும் அல்ல. நமக்கு அதைத் தமிழில் சொன்னால்: தட்டில் சோறு பாதியாகக் குறைய வேண்டும், காயும் கீரையும் பயறும் சுண்டலும் கூட வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்கள் வறுக்காமல் குழம்பாக வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி வேர்க்கடலை போதும், பாதாமுக்குக் கடன் வாங்க வேண்டாம். மாலை பஜ்ஜியும் பேக்கரி பஃப்ஸும் நாள் தவறாமல் வேண்டாம். டீயில் சர்க்கரை குறையட்டும். பீடி சிகரெட்டை விடாமல் மற்றதைச் செய்து பயனில்லை. மது தயக்கத்தைப் போக்குவதால் உதவுவதாகத் தோன்றும். உடலின் செயலை அது மந்தப்படுத்துகிறது. தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே தூங்கவிட்ட 2011 ஆய்வில், அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது.

ஜிம்முக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு வார்த்தை. உடம்பு ஏற்றுவதற்கு என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு, வெளியிலிருந்து அது வருவதைப் பார்த்து மூளை தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது; விரைகள் சுருங்கி, விந்தணு உற்பத்தி நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டது. ஆண்மைக்கு என்று போட்டுக்கொள்வது அதுதான்.

பெண்களைப் பற்றிய தவறான எண்ணங்களுக்கு இதைவிட நீண்ட நேரம் வேண்டும். முதலிரவில் இரத்தம் வர வேண்டும் என்பது தவறு. பலருக்கு வருவதே இல்லை. வெள்ளைப்படுதலால் எலும்பு உருகுகிறது என்பதும் தவறு. மாதவிடாய்ச் சுழற்சிக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வரும் தெளிந்த கசிவு இயல்பானது. அரிப்போ, நாற்றமோ, தயிர்த்திரள் போன்ற படிவோ இருந்தால் அது தொற்று. சில நாள் மருந்தில் சரியாகும். அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். பழுத்த பப்பாளி கருவைக் கலைக்காது. காயில் உள்ள பாலைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது சரிதான். ஆனால் எவ்வளவு தின்றாலும் அது கருத்தடை ஆகாது. அதை நம்பியிருந்து, நாள் தள்ளிப்போய், தெரியாத இடத்தில் கருக்கலைப்புக்குப் போகும் பெண்களை மருத்துவமனைகள் இன்னும் பார்க்கின்றன.

உடம்பு முடியவில்லை என்று பெண்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. களைத்த உடலில் இச்சை எங்கிருந்து வரும்? வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையின் அடியில் இருப்பதைச் சாப்பிடுவதும், சூடு என்று முட்டையை மகளுக்கு மட்டும் மறுப்பதும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன. அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட மனைவியர் 37.9 சதவீதம், கணவர்கள் 0.3. ஆண்களுக்குச் செய்வதுதான் எளிய அறுவை. அதன் பிறகும் விந்து ஏறக்குறைய முன்பிருந்த அளவே வெளியேறும், விறைப்பும் வலிமையும் மாறாது. இருந்தும், பலம் போய்விடும் என்ற அந்தப் பழைய கணக்கின் விலையை வயிற்றில் கத்தி வைத்துக்கொண்டு கொடுப்பது பெண்தான்.

ஆண்மைக் குறைவைக் குணமாக்குவதாகவும் இன்பத் திறனைக் கூட்டுவதாகவும் மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதற்குப் பின்னும் சுவரில் ஒட்டுகிறார்கள், செல்போனில் அனுப்புகிறார்கள். அவற்றைப் பார்த்தால் மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் 104 எண்ணை அழைக்கலாம். பெயர் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடுதிச் சாப்பாட்டில் முட்டையைத் தள்ளிவைக்கும் மாணவரையோ மாணவியையோ பார்த்தால், தனியே கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.